மூன்று பொட்டு வைத்த தொப்பியுறை

எங்கள் வீட்டு அலுமாரியின் நடுத்தட்டில் சேலை இருந்ததில்லை. அங்கே இருந்தவை பட்டாளத்து இரும்புத் தொப்பிகளுக்கு மேலே மாட்டும் துணி உறைகள். இரும்பு வெயிலில் பளபளத்து ஆளைக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்று தொப்பிக்குச் சட்டை போட்டுவிடுவார்கள். எனக்கு அந்தச் சட்டைதான் வேண்டும், தொப்பி வேண்டாம். தொப்பியோடு எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொன்னவர்களிடம்கூட உறையை மட்டும் கழற்றிக்கொண்டு இரும்பைத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். "உலகத்துல எல்லாரும் தேங்காயச் சேப்பாங்க, இவ நாரைச் சேக்கிறா" என்று என் கணவர் வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்வார். அவர் மாநகரசபையில் கிளார்க். ஒரு நாளைக்கு ஒரு கேலியாவது செய்யாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

நான் துணிக்கடைக்காரர் மகள். யுத்தத்தின் கடைசி வருடங்களில் கண்டியிலும் பேராதனையிலும் வெள்ளைக்காரப் பட்டாளம் வந்து நிறைந்திருந்தது. அவர்கள் போன பிறகு விட்டுப்போன சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. சுதந்திரம் வந்து சில வருடங்கள் கழித்தும் அந்த மூட்டைகள் கை மாறிக்கொண்டே இருந்தன. எண்ணெய் துடைக்கும் கந்தலாக கராஜ்களுக்கு விற்கலாம் என்று அப்பா ஒரு மூட்டை எடுத்தார். அதற்குள்ளிருந்து வட்டமாக, ஓரத்தில் நாடா கோத்த ஒரு சணல் துணி வந்தது. பானை மூடுகிற துணி என்றார் அப்பா. நான் பள்ளிக்கூடச் சட்டையோடு அதைத் தலையில் மாட்டிப் பார்த்தேன். என் தலைக்குப் பெரிதாக இருந்தது, ஆனால் தலைக்கானதுதான் என்று தெரிந்துவிட்டது. அந்தப் பைத்தியம் அன்றைக்குப் பிடித்தது, கல்யாணத்துக்குப் பிறகும் விடவில்லை.

சேர்ப்பது பெரிய காரியமில்லை. அதற்கு வருடம் சொல்வதில்தான் இருக்கிறது சமர்த்து. தையலைப் பார்க்க வேண்டும். ஓரத்தை இரண்டு தரம் மடித்து நிதானமாகத் தைத்திருந்தால் யுத்தம் சூடு பிடிப்பதற்கு முந்தியது. ஒரே மடிப்பில் கோணல்மாணலாக ஓடியிருந்தால் அவசர காலத்துத் தையல். நாடாவைக் கவனிக்க வேண்டும், நூலைப் பிரித்து நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். உள்ளே அரசாங்கத்தின் அம்பு முத்திரையும் வருடமும் போட்ட லேபிள் இருந்துவிட்டால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. ஆனால் லேபிளைத்தான் எல்லோரும் முதலில் பிய்த்து எறிந்திருப்பார்கள்.

பெரிய தலைவலி நிறம். தொடக்கத்தில் காக்கி உறை வந்தது, பிறகு காட்டுக்குள் சண்டை போடுவதற்காகப் பச்சை உறை வந்தது. இது எனக்குத் தெரியும். ஆனால் காக்கியும் பச்சையும் முப்பது வருடம் வெயிலில் கிடந்தால் ஒரே பால்தேத்தண்ணி நிறத்துக்கு வந்துவிடும். பிறகு கடவுள் வந்தால்கூட எது எதுவென்று சொல்ல முடியாது. என்னுடைய வரிசையில் சணல் இருந்தது, காக்கி இருந்தது, வலை போட்டது இருந்தது, சுதந்திரத்துக்குப் பிறகு நம் நாட்டுப் பட்டாளம் போட்டதும் இருந்தது. நிச்சயமான பச்சை மட்டும் இல்லை. அந்த இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை மடித்து வைத்திருந்தேன். அலுமாரியைத் திறக்கிற போதெல்லாம் அந்தத் தாள் என் கண்ணைக் குத்தும்.

உறைகள் கிடைக்கிற இடங்களைச் சொன்னால் சிரிப்பீர்கள். அம்பிட்டியவில் எங்கள் பக்கத்து வீட்டிலேயே ஒன்றின் மேல் அடைக்கோழி படுத்திருந்தது. குஞ்சு பொரிக்கும்வரை மூன்று வாரம் காத்திருந்து வாங்கினேன். திகனவில் ஒரு மிளகு வியாபாரி தன் தராசுக்கு அதைப் போர்வையாக வைத்திருந்தார். "எங்கட வாப்பா காலத்துச் சாமான் தங்கச்சி, இதக் கழட்டினா தராசு கோவிச்சுக்கொள்ளும்" என்றார். அதே அளவில் புதுத் துணியில் ஒன்று தைத்துக்கொண்டு போய் அவர் முன்னாலேயே தராசுக்கு மாட்டிவிட்டேன். தராசு கோபிக்கவில்லை. அன்றிலிருந்து அதுவே என் வழக்கமாகிவிட்டது. பழசை எடுத்தால் அந்த இடத்தில் என் கையால் தைத்த புதுசு இருக்க வேண்டும். துணி தட்டுப்பாடான காலம் அது, எழுபதுகளின் தொடக்கம். அதனால் யாரும் மறுக்கவில்லை.

அப்படித்தான் கட்டுகஸ்தோட்டை கராஜில் அந்த உறை கிடைத்தது. பாலத்துக்குக் கொஞ்சம் தள்ளி லொறி பழுது பார்க்கிற இடம். அதை வைத்திருந்தவர் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து டவுனில் தொழில் பழகியவர். அவருடைய அப்பா ஏலத்தில் எடுத்த ஒரு இரும்புத் தொப்பியை லொறிக்கு அடியில் படுக்கிற போதெல்லாம் அவர் தலையில் போட்டுக்கொள்வார். மற்ற நேரம் அது வாசலில் ஒரு ஆணியில் வெயிலில் தொங்கும். அதன் மேல் உறை இருந்தது. வெளுத்துப் போய், பால்தேத்தண்ணி நிறத்தில். ஆனால் முன்பக்கம், நெற்றிக்கு நேராக, மூன்று வட்டங்கள். நடுவில் பெரியது ஒன்று, இரண்டு பக்கமும் சிறியவை. கறுத்த செங்கல் நிறம், பெயின்ட் போலக் கெட்டியாக ஒட்டியிருந்தது.

"இதக் குடுப்பீங்களா? புதுசு தச்சுத் தாரேன்."

"தாராளமா எடுத்துக்குங்கக்கா. அது நாறுது."

அவ்வளவுதான் பேச்சு. அந்த மூன்று வட்டங்கள் என்ன என்று நான் அவரிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். எனக்கு அப்போது என்னைவிடத் தெரிந்தவர் யாரும் இல்லை என்ற நினைப்பு. அடுத்த வாரம் நல்ல காக்கித் துணியில் ஒரு உறை தைத்துக் கொடுத்துவிட்டு, மூன்று வட்டத்தோடு வீட்டுக்கு வந்து, அன்றைக்கே கொழும்புக்குக் கடிதம் எழுதினேன்.

கொழும்பில் எனக்கு ஒரு கடிதச் சிநேகம் இருந்தது. யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர், வெள்ளவத்தையில் குடியிருந்தார். பழைய பட்டாளச் சாமான்கள் வேண்டும் என்று பத்திரிகையில் இரண்டு வரி விளம்பரம் போட்டிருந்தார். நான் எழுத, அவர் பதில் எழுத, மூன்று வருடம் ஓடிவிட்டது. ஒரு தரமும் நேரில் பார்த்ததில்லை. ஆனால் அவரிடம் பச்சை உறை இருந்தது எனக்குத் தெரியும். நிறம் போகாதது, உள்ளே அம்பு முத்திரையோடு லேபிள், யுத்தம் முடிவதற்கு முந்தின வருடம். எத்தனையோ தடவை சாடைமாடையாகக் கேட்டுப் பார்த்தேன். மனிதர் அசையவில்லை.

மூன்று வட்டத்துக்கு அசைந்தார். நான் "ஒரு படைப்பிரிவின் அடையாளமாக இருக்கும் என்று நினைக்கிறேன்" என்று ஒரு வரிதான் எழுதினேன். அவர் நான்கு பக்கம் எழுதினார். நடு வட்டம் தலைமைப் படையாம், பக்கத்து வட்டங்கள் துணைப் படைகளாம். இது எந்தப் புத்தகத்திலும் இல்லையாம், அதனால்தான் விசேஷமாம். அடுத்த கடிதத்தில் நானும் மூன்று பக்கம் எழுதினேன். இப்படி இருவரும் மாறி மாறி ஏற்றிவிட்டு, ஒன்பது மாதத்தில் அந்த வட்டங்கள் பர்மாக் காட்டில் பெரிய சண்டையெல்லாம் போட்டு முடித்துவிட்டன. கடைசியில் அவர் எழுதினார். "விஜயதசமி அன்று நேரில் வருகிறேன். பச்சை உறையைக் கொண்டு வருகிறேன். மாற்றிக்கொள்வோம்."

அந்தக் கடிதத்தை நான் எத்தனை தரம் படித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. அலுமாரியிலிருந்த வெள்ளைத் தாளை முன்கூட்டியே எடுத்துவிட்டேன்.

விஜயதசமிக்கு முதல் நாள் ஆயுத பூசை. கராஜ்காரர் எங்களைக் கூப்பிட்டிருந்தார். என் கணவருக்கு ஆபீஸில் பூசை, நான் மட்டும் போனேன். வாசலில் இரண்டு வாழைக்கன்று கட்டி, லொறிகளுக்கு மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, பொரி கடலை எல்லாம் பரப்பி, அந்த எண்ணெய் பிடித்த இடமே கல்யாண வீடு போல இருந்தது. கராஜ்காரர் குளித்து வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு ஒரு கையில் சந்தனக் கிண்ணமும் மற்றக் கையில் குங்குமமுமாக ஒவ்வொரு சாமானாகப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தார். ஜாக்கிக்கு வைத்தார். ஸ்பேனர்களுக்கு வைத்தார். கம்ப்ரஸருக்கு வைத்தார். பிறகு ஆணியில் தொங்கிய தொப்பியிடம் வந்தார்.

அது நான் தைத்த உறை. என் தையல், என் மடிப்பு, என் நாடா. அவர் நடுவில் பெரிதாகச் சந்தனம் வைத்து அதன் மேல் குங்குமம் வைத்தார். பிறகு இந்தப் பக்கம் ஒரு சின்னப் பொட்டு, அந்தப் பக்கம் ஒரு சின்னப் பொட்டு.

எனக்குக் காது இரண்டும் சுட்டது. "இதுக்கு எப்பவுமே வைப்பீங்களா?" என்று கேட்டேன்.

"வருசா வருசம் வச்சிருவோம்லக்கா. எங்க அப்பா காலத்துல இருந்தே. பழசத் தொடைக்க மாட்டோம், அது மேலேயே வச்சிருவோம். ரெண்டு தடவ ஜாக்கி நழுவி இந்தத் தொப்பியாலதான் தப்பிச்சேன். ஏன்க்கா, ஒங்க துணிக்கு ஆகாதா?"

"ஆகும், ஆகும்" என்றேன். அவர் என் கை நிறையப் பொரி கொடுத்தார். பஸ்ஸில் அதைச் சாப்பிடவே முடியவில்லை.

இருபத்தைந்து வருடச் சந்தனமும் குங்குமமும் எஞ்சின் எண்ணெயும் புகையும் ஏறிக் கறுத்துப் போனதுதான் என் தலைமைப் படையும் துணைப் படைகளும். பிறந்த நாளிலிருந்து பொட்டு வைக்கிறேன். கல்யாணப் பத்திரிகையின் நான்கு மூலைக்கும் மஞ்சள் தடவுகிற குடும்பம். அப்பா புதுக் கணக்குப் புத்தகத்துக்கும் முழக்கோலுக்கும் வருடம் தவறாமல் பொட்டு வைப்பார். ஒரு வெள்ளைக்காரன் ஏமாந்தால் மன்னிக்கலாம். நான் ஏமாந்ததை எங்கே போய்ச் சொல்வது?

என் கணவரிடம்தான் சொன்னேன். அவர் கதிரையில் சாய்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

"போஸ்ட்மாஸ்டர்கிட்ட நீ ஏன் சொல்லணும்? அந்தத் துணி ஒன்னும் பொய் சொல்லல, நீயும் பொய் சொல்லல. படைப்பிரிவுன்னு அவராத்தான் பரணி பாடினாரு."

"முதல்ல எழுதினது நான்தான்."

"நினைக்கிறேன்னுதானே எழுதின? நினைச்சது தப்பா?"

அவருடைய நியாயம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. எனக்கு அந்தப் பச்சை உறை வேண்டும். அவ்வளவு வேண்டும். சொல்லக் கூடாது என்று முடிவு செய்துவிட்டுத்தான் அடுத்த நாள் காலையில் சுண்டல் தாளித்தேன்.

போஸ்ட்மாஸ்டர் காலை ரயிலில் வந்து, வழியில் கோயிலுக்கும் போய்விட்டு, அம்பிட்டிய ஏற்றத்தில் மூச்சு வாங்க ஏறி வந்து சேர்ந்தார். ஒல்லியான மனிதர், வெள்ளை நஷனல் சட்டை, கக்கத்தில் குடை. நான் எழுத்தில் பார்த்த அதே மரியாதை நேரிலும் இருந்தது. தண்ணீர் குடித்தவுடன் பையைத் திறந்து, மெல்லிய தாளில் சுற்றியிருந்ததை மேசையில் விரித்தார்.

பச்சை. நான் இருபது வருடம் நினைத்துப் பார்த்த பச்சை. கையில் எடுத்தேன், திருப்பினேன், லேபிளைப் படித்தேன், அம்பைத் தடவினேன். அதைத் திரும்ப வைக்க என் கைக்கு மனம் வரவில்லை. "வடிவான சாமான், என்ன?" என்றார் அவர். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

"சரி பிள்ளை, உங்கடையை ஒருக்கா வெளிச்சத்துக்குக் கொண்டு வாங்கோ பாப்பம்."

ஜன்னலோரம் விரித்து வைத்தேன். அவர் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு குனிந்தார். அப்போதுதான் அவர் நெற்றியைச் சரியாகப் பார்த்தேன். கோயிலில் வைத்த சந்தனம், அதன் நடுவில் குங்குமம், வட்டமாக, இன்னும் ஈரமாக. அந்தப் பொட்டுக்கு நேர் கீழே அதே பொட்டு. நடுவில் பூதக்கண்ணாடி. மனிதர் மூச்சுக்கூட விடாமல் படைப்பிரிவைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்தினேன். அடங்கவில்லை. என் கணவர் சமையலறைப் பக்கம் நின்று வேண்டாம் வேண்டாம் என்று கையைக் காட்டினார். அதைப் பார்க்க இன்னும் சிரிப்பு வந்தது. நியாயத்துக்குப் பயந்து நான் உண்மையைச் சொல்லவில்லை, அப்படிப் பெருமை பேச எனக்கு உரிமை இல்லை. சிரிப்பை அடக்க முடியாமல்தான் சொன்னேன்.

"என்ன பிள்ளை, என்னைப் பாத்தே சிரிக்கிறீங்கள்?"

"ஐயா, ஒங்க நெத்தியில இருக்கிறதுதான் அதுலயும் இருக்கு."

கராஜ், ஆயுத பூசை, ஜாக்கி, நான் தைத்த உறை, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முகம் பாக்கிற கண்ணாடி ஒண்டு இருக்கே?" என்று கேட்டார். காட்டினேன். துணியையும் எடுத்துக்கொண்டு போய் கண்ணாடி முன்னால் நின்று, நெற்றியையும் துணியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அறுபது வருஷத்துக்கு மேல வைக்கிறன் பிள்ளை. எனக்குத் தெரியேல்லை" என்றார். பிறகு அவருக்கும் சிரிப்பு வந்தது. வந்தது நிற்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு இருமி இருமிச் சிரித்தார். நாலு பக்கக் கடிதத்தை நினைத்து ஒரு தரம், துணைப் படையை நினைத்து ஒரு தரம். என் கணவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் தானும் சேர்ந்துகொண்டார்.

சிரித்து முடிந்ததும் அவருக்குள் இருந்த ஆராய்ச்சிக்காரர் விழித்தார். "பொட்டுக்குக் கீழ வெயில் பட்டிராது, என்ன?" என்று மெதுவாகச் சொன்னார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். வலதுபக்கத்துச் சின்னப் பொட்டை நான் கத்தி முனையால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டினேன். தோல் தோலாக உரிந்து வந்தது. எல்லாம் போன பிறகு ஒரு சதக் காசளவு துணி தெரிந்தது. பச்சை. அவருடைய உறையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஒரே பச்சை, ஒரே நெசவு. கடவுளாலும் சொல்ல முடியாது என்று நான் நினைத்ததை ஒரு கராஜ்காரரின் குங்குமம் சொல்லிவிட்டது. எங்கள் இருவருக்கும் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தால் யுத்தத்தையே நாங்கள்தான் ஜெயித்தோம் என்று நினைத்திருப்பீர்கள்.

சாப்பிட்டு முடித்த பிறகு அவர் தன் உறையைத் திரும்பவும் தாளில் சுற்றினார்.

"குறை நினையாதேங்கோ பிள்ளை. அடையாளம் எண்டு நினைச்சுத்தான் மாத்த வந்தனான். இப்ப இதைக் குடுக்க மனம் வரேல்லை. உங்கடையையும் நான் கொண்டு போகக் கூடாது, அது அந்தக் கராஜ் வீட்டுச் சாமான்."

"அது சரிங்க ஐயா" என்றேன். சரி இல்லை. அவர் குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போகிறதை வாசலில் நின்று பார்த்தபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. என்னிடமும் நிச்சயமான பச்சை இருக்கிறது என்று தெரிந்ததற்குச் சந்தோஷப்பட வேண்டும். பட்டேன். ஆனால் லேபிளை என் விரல் மறக்கவில்லை.

அடுத்த வருடம் ஒரு தபால் அட்டை வந்தது. "ஆயுத பூசைக்கு வாறன். கராஜுக்கே வாறன்." அவ்வளவுதான் எழுதியிருந்தார். நானும் என் கணவரும் மூன்று பொட்டு உறையை எடுத்துக்கொண்டு போனோம். சுரண்டிய இடத்தில் கராஜ்காரர் திரும்பவும் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, "இப்பச் சரியாப் போச்சு" என்றார். அப்போது போஸ்ட்மாஸ்டர் பையைத் திறந்தார். அதே மெல்லிய தாள். பச்சை உறையை எடுத்துக் கம்ப்ரஸர் மேல் விரித்தார். வியர்வைக் கையோடு அதைத் தொடக் கூடாது என்று எனக்குக் கடிதத்தில் பாடம் நடத்தியவர்.

"இதுக்கும் வையும் தம்பி" என்றார்.

கராஜ்காரர் விரலைச் சந்தனத்தில் தோய்த்தார். "பொறும்" என்று போஸ்ட்மாஸ்டர் அவர் கையைப் பிடித்தார். மனிதருக்குத் தைரியம் போய்விட்டது என்று நினைத்தேன். அவர் உறையைக் கொஞ்சம் திருப்பி வைத்தார். "லேபிளில படாமல் வையும்."

நடுவில் ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. வைத்து முடிந்ததும் போஸ்ட்மாஸ்டர் உறையை இரண்டு கையாலும் எடுத்து என்னிடம் நீட்டினார்.

"பொட்டு வச்ச சாமானை இனி சேகரிக்கிறவன் ஒருத்தனும் கையாலயும் தொடமாட்டான் பிள்ளை. உங்கட வரிசையிலதான் இதுக்கு இடம். ஒரு வருஷமா யோசிச்சனான், எனக்கு இதைக் குடுக்க மனம் வாறதுக்கு இதைவிட வேற வழி தெரியேல்லை."

நானும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். என் கணவர் ஒரு கேலியும் செய்யவில்லை, அது அவர் வாழ்க்கையில் முதல் தடவை.

பொட்டு காய்கிறவரை மடிக்கக் கூடாது. அதனால் கட்டுகஸ்தோட்டையிலிருந்து அம்பிட்டிய வரைக்கும் இரண்டு பஸ்ஸிலும் அதை மடியில் விரித்தபடியே கொண்டுவந்தேன். பக்கத்து இருக்கையில் இருந்த ஒரு அம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "என்னங்க அது, பூசைத் துணியா?" என்று கேட்டார். மற்ற நாளாக இருந்தால் தையல், நாடா, அம்பு முத்திரை என்று இறங்குகிற இடம் வரைக்கும் விளக்கியிருப்பேன்.

"ஆமாங்க" என்றேன், "பூசைத் துணிதான்."